நான்சி இல்லாத தீவு

விடுமுறைக்குப் புத்தகம் எடுத்துவைப்பவர்களில் பலர், வீட்டில் படிக்க முடியாமல் போன கனமான நூல் ஒன்றைப் பெட்டியின் அடியில் வைத்து, திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்து அலமாரியில் சேர்ப்பார்கள். மற்றவர்கள் விமான நிலையக் கடையில் அட்டையைப் பார்த்து ஒரு துப்பறியும் நாவலை வாங்கி, கொலைகாரன் யாரென்று தெரிந்ததும் விடுதி அறையிலேயே போட்டுவிட்டு வருவார்கள். கோவையிலிருந்து கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குப் புறப்பட்ட ஒரு தம்பதி வேறு வழியைப் பிடித்தார்கள். போகிற ஊரில் வாழ்ந்தவர்கள் அந்த ஊரைப் பற்றியே எழுதியதைத்தான் படிப்பது என்று முடிவு.

தேர்ந்தெடுத்தது மனைவி, கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவர். ஒரே குடும்பத்தின் அண்ணனும் தம்பியும் எழுதிய இரண்டு புத்தகங்கள். தம்பி ஜெரால்டு டரல் 1956இல் வெளியிட்ட 'மை ஃபேமிலி அண்ட் அதர் அனிமல்ஸ்' கணவருக்கு. அண்ணன் லாரன்ஸ் டரல் 1945இல் வெளியிட்ட 'பிராஸ்பெரோஸ் செல்' தனக்கு. கணவர் பம்புசெட் உதிரிபாகக் கடை நடத்துபவர். ஆங்கிலப் புத்தகம் என்றால் ஒரு பக்கம் படித்ததும் கண் சொக்கும் என்று சொல்லிக்கொள்பவர். அதற்காகவே தேவனின் 'துப்பறியும் சாம்பு' ஒன்றைத் தன் பங்குக்குச் சொருகி வைத்திருந்தார். கடைசியில் அதை அவர் விமானத்தில் மட்டும்தான் திறந்தார்.

கொச்சியில் ஏறி, வளைகுடாவில் மாறி, ஏதென்ஸில் இறங்கி, அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம் பறந்தால் கோர்ஃபு. விமானம் இறங்கும்போது கீழே தரை கண்ணில் படாது. ஓடுதளத்தின் பெரும்பகுதி ஒரு காயலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால், கடைசி நொடிவரை தண்ணீரில்தான் இறங்கப்போகிறோம் என்றே தோன்றும். ஜன்னலோரம் ஒரு குட்டித் தீவும் அதன்மேல் சைப்ரஸ் மரங்களும் வெள்ளைத் தேவாலயமும் விருட்டென்று கடந்து போகும். எலித்தீவு என்று அதற்குப் பெயர். ஹோமரின் காவியத்தில், ஒடிஸியஸை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பிய கப்பலைக் கடல் தெய்வம் பொசைடன் கல்லாக்கினான் அல்லவா? அந்தக் கப்பல்தான் இது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். இல்லை, மேற்குக் கரையில் இருக்கும் வேறொரு பாறைதான் அது என்பவர்களும் அங்கேயே உண்டு.

தீவின் தலைநகரிலுள்ள பழைய பகுதி 2007 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. 1386 முதல் 1797 வரை வெனிஸ்காரர்கள் ஆண்ட ஊர். சந்துகளும், மாடிக்கு மாடி கயிறு கட்டித் துணி உலர்த்தும் வழக்கமும் இத்தாலியை நினைவுபடுத்தும். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள்; பாரிஸின் ரிவோலி தெருவைப் பார்த்து வளைவு வளைவாக ஒரு கட்டட வரிசையைக் கட்டினார்கள். 1815 முதல் 1864 வரை ஆங்கிலேயர் கை. அவர்கள் விட்டுச்சென்றவை இரண்டு: இஞ்சி பியர், கிரிக்கெட். கிரேக்க நாட்டில் கிரிக்கெட் என்றால் அது கோர்ஃபுதான். 1823இல் தொடங்கிய ஆட்டம் இன்னும் நடக்கிறது. கோட்டைக்கு எதிரிலுள்ள மைதானத்தைக் காட்டி அதைச் சொன்னபோது கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆனால் தம்பதி வந்தது நகரத்துக்காக அல்ல. பச்சை நிறப் பேருந்து பிடித்து வடகிழக்குக் கரையிலுள்ள கலாமிக்குப் போய்விட்டார்கள்.

வழியெங்கும் ஆலிவ் மரங்கள். தோப்பு என்று சொல்லிவிட முடியாது, காடு என்றுதான் சொல்ல வேண்டும். வெனிஸ் அரசு விளக்கெரிக்கவும் வணிகத்துக்கும் எண்ணெய் வேண்டி, நூறு ஆலிவ் நட்டால் இத்தனை பொற்காசு என்று ஊக்கத்தொகை கொடுத்தது. அதன் விளைவு இன்றைக்கும் மலைச்சரிவு முழுக்க நிற்கிறது. மற்ற இடங்களில் ஆலிவை வெட்டி வெட்டிக் குட்டையாக வளர்ப்பார்கள். இங்கே அப்படியே விட்டுவிடுகிறார்கள். மரம் முறுக்கிக்கொண்டு, ஓட்டை விழுந்து, கிழடுதட்டி, உயரமாக வளர்கிறது. அடியில் கறுப்பு வலைகள் சுருட்டிக் கிடக்கின்றன. பழம் தானாக உதிரும் பருவத்தில் விரித்துவிட்டுக் காத்திருப்பார்கள். பறிப்பதைவிட விழட்டும் என்று விடுவது சோம்பேறித்தனமா, சாமர்த்தியமா என்று கணவர் கேட்டார். பேருந்தில் யாரிடமும் பதில் இல்லை.

கலாமி ஒரு சின்னக் குடா. குதிரை லாட வடிவம். மணல் கிடையாது, கூழாங்கல் மட்டும். வெள்ளையும் சாம்பலுமாக, உள்ளங்கையில் அடங்கும் வழவழப்பான கற்கள். வெறுங்காலோடு நடப்பது கொஞ்சம் சிரமம்தான். ரப்பர் செருப்பு இல்லாமல் வந்தவர்கள் தண்ணீருக்குப் போகும் நடையைப் பார்த்தால் தீமிதி நினைவுக்கு வரும். ஆனால் படிப்பவர்களுக்கு இதைப்போல வசதியான கரை வேறில்லை. மணல் புத்தகத்தின் தையலுக்குள் புகுந்து வருஷக்கணக்கில் உதிராது. கல்லுக்கு அந்தத் தொல்லை கிடையாது. புத்தகத்துக்கு இங்கே வேறு எதிரிகள். சன்ஸ்கிரீன் பட்ட விரல் பக்கத்தின் மூலையைக் கண்ணாடித்தாள் போல ஆக்கிவிடும். மதியம் வெயிலில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்தால் முதுகுப் பசை இளகி, பழைய பேப்பர்பேக்கின் ஏடுகள் ஒவ்வொன்றாகக் கையோடு வரும்.

கரை கிழக்கைப் பார்த்து இருக்கிறது. முதுகுப்புறம் தீவிலேயே உயரமான பன்டோக்ரேட்டர் மலை, 906 மீட்டர். அதனால் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. பகலில் நன்றாகக் காய்ந்த கற்களின் சூடு முதுகுக்கு இதமாக இருக்க, கண்ணைக் கூசாத வெளிச்சத்தில் வெகுநேரம் படிக்கலாம். எதிரே அல்பேனியாவின் மலைகள் மட்டும் இன்னும் வெயிலில் செம்மஞ்சளாக நிற்கும். நம்மூர்க் கடல் போல அலை வந்து மோதுவதில்லை. இத்தாலிக்குப் போகும் பெரிய கப்பல் ஒன்று நடுக்கடலில் சத்தமில்லாமல் கடந்து போகும். அதைப் பார்த்துவிட்டு மறந்து இரண்டு பக்கம் படித்து முடித்திருப்பீர்கள். அப்போதுதான் அது கிளப்பிய அலைகள் வந்து சேர்ந்து, கூழாங்கற்களை உருட்டி, நீர்விளிம்பில் வைத்த செருப்பை நனைக்கும். அனுபவசாலிகள் கப்பலைப் பார்த்ததுமே பையை மேலே தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

கடற்கரையில் படிப்பதற்கென்றே புத்தகம் விற்பது புதிய வியாபாரம் அல்ல. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த டௌக்னிட்ஸ் பதிப்பகம் 1841 முதல் ஆங்கில நூல்களை மலிவு அட்டையில் அச்சிட்டு, ஐரோப்பா சுற்றும் ஆங்கிலேயர்களுக்கு விற்றது. இங்கிலாந்துக்குள்ளோ அதன் குடியேற்ற நாடுகளுக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது என்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். வெளியூரில் படித்துவிட்டு வெளியூரிலேயே விட்டுவர வேண்டிய புத்தகங்கள். பென்குயின் நிறுவனம் ஆறு பென்ஸ் விலையில் முதல் பத்து பேப்பர்பேக்குகளை வெளியிட்டது 1935 ஜூலையில். அதே ஆண்டில்தான் டரல் குடும்பம் இங்கிலாந்தின் குளிரையும் மழையையும் உதறிவிட்டு கோர்ஃபுவுக்கு வந்து இறங்கியது.

அந்தக் குடும்பத்தின் வேர் இங்கிலாந்தில் இல்லை, இந்தியாவில்தான். தாய் லூயிசா பிறந்தது ரூர்க்கியில். மூத்தவர் லாரன்ஸ் 1912இல் ஜலந்தரில் பிறந்தார். கடைக்குட்டி ஜெரால்டு 1925இல் ஜாம்ஷெட்பூரில். தந்தை இங்கே பொறியாளர். 1928இல் அவர் இறந்தபிறகுதான், லூயிசா பிள்ளைகளோடு தனக்குப் பழக்கமே இல்லாத 'தாய்நாட்டுக்கு'க் கப்பலேறினார். லூயிசாவுக்குப் பிடித்தது இந்தியச் சமையல்; கோர்ஃபுவின் சமையலறையில் கறி வாசம் வீசியது. குடும்பத்துக்கு நெருக்கமான மருத்துவர் தியோடர் ஸ்டெஃபனிடிஸ், சிறுவன் ஜெரால்டுக்குக் குட்டையில் வாழும் நுண்ணுயிர்களை மைக்ராஸ்கோப்பில் காட்டிக் கொடுத்தவர். அவரும் 1896இல் பம்பாயில் பிறந்தவர்தான்! கிரேக்கத் தீவைப் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தில் இத்தனை இந்தியப் பிறவிகள் நடமாடுவார்கள் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

கணவருக்குத் தூக்கம் வரவில்லை. தீப்பெட்டிக் கட்டம் வந்தபோது சாய்வு நாற்காலி குலுங்கியது. சிறுவன் ஜெரால்டு, முதுகில் குஞ்சுகளைச் சுமந்த ஒரு தேளைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் அடைத்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க, அண்ணன் சிகரெட் பற்றவைக்க அதையே எடுத்துத் திறக்க, சாப்பாட்டு மேசை ரணகளம் ஆகும் இடம் அது. பக்கத்துக் குடையில் இருந்த ஜெர்மன் கிழவர் ஒருவர் அட்டையை எட்டிப்பார்த்து, 'ஸ்கார்ப்பியன்?' என்று கேட்டு, தானும் சிரித்தார். விடுமுறைப் புத்தகத்துக்கு வேண்டிய இலக்கணம் ஜெரால்டிடம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு சம்பவமும் தனியாக நிற்கும். எங்கே விட்டாலும், குளித்துவிட்டு வந்து ஈரக் கையோடு தொடரலாம். இயற்கை நூலாகத்தான் தொடங்கினேன், குடும்பத்தார் உள்ளே புகுந்து இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று ஆசிரியரே முன்னுரையில் முறையிடுகிறார். முறையீட்டில் உண்மை குறைவு. சிரிக்கவைப்பதில் அவருக்கு இருந்த கணக்கு, விலங்குகளைப் பார்ப்பதில் இருந்த துல்லியத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

அண்ணன் லாரன்ஸ் அப்படி இல்லை. ஒரு பத்தியை நிழலில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தால்தான் வசப்படும். நாட்குறிப்பு வடிவில் ஒளியையும் ஒயினையும் ஆலிவையும் பொம்மலாட்டத்தையும் புனிதர் ஸ்பிரிடியனையும் பற்றி எழுதிக்கொண்டே போகிறார். உச்சிவெயிலில் அதைப் படிப்பது கல்யாண விருந்தில் பாயசத்தை மட்டும் வாளியோடு குடிப்பது போல. மனைவி அதைக் காலையில் ஓர் அத்தியாயம், மாலையில் ஓர் அத்தியாயம் என்று பிரித்துக்கொண்டார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தக்காளிக்குள் சோறு அடைத்துச் சுட்ட கெமிஸ்டா தட்டில் இருக்க, மனைவி கேட்டார்.

"ஏனுங்க, உங்க புத்தகத்துல நான்சி வந்துட்டாளா?"

"எந்த நான்சி?"

"லாரன்ஸோட சம்சாரங்க."

"அவனுக்குத்தான் கல்யாணமே ஆகலையே. இங்க அம்மா, தம்பி, தங்கச்சிகூட ஒரே வீட்டுல இருக்கான். எல்லாரையும் நக்கல் பண்ணிட்டு."

"என் புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் பொண்டாட்டி வராளுங்க. இந்தா, இந்த ஊர்லயே, அந்த வெள்ளை வீட்லதான் ரெண்டு பேரும் இருந்திருக்காங்க."

குடாவின் கோடியில், பாறைமேல், தண்ணீரைத் தொட்டபடி நிற்கும் அந்த வீடு இருவர் கண்ணுக்கும் எதிரிலேயே இருந்தது.

யார் சொன்னது சரி? வரலாறு அண்ணன் பக்கம். லாரன்ஸும் ஓவியம் பயின்ற நான்சி மையர்ஸும் 1935 ஜனவரியில் இங்கிலாந்தின் போர்ன்மத்தில் மணம் முடித்தார்கள். தாயும் தம்பிகளும் தங்கையும் வருவதற்கு முன்பே தீவுக்கு வந்துவிட்டார்கள். பிறகு மீனவர் கிராமமான கலாமிக்குத் தனிக்குடித்தனம் போனார்கள். அம்மாவும் பிள்ளைகளும் மாறி மாறி வாழ்ந்த மூன்று வில்லாக்களும் தெற்கே, நகரத்தை ஒட்டி இருந்தவை. தீப்பெட்டித் தேள் கதையில் அண்ணன் அந்த மேசையில் இருந்தாரா என்பதே சந்தேகத்துக்குரியது. தம்பியின் புத்தகத்தில் அண்ணியை ஒரு வரியில்கூடக் காணோம். ஜெரால்டின் கணக்கு புரியாமல் இல்லை. நையாண்டி பேசும் அண்ணன் வீட்டுக்குள்ளேயே இருந்தால்தான் காட்சி களைகட்டும். மனைவியோடு தள்ளிப் போய்க் குடியிருக்கும் அண்ணன் நகைச்சுவைக்கு உதவமாட்டார். குடும்பம் தீவை விட்டுக் கிளம்பியதற்கும் தம்பி சொல்லும் காரணம் தன் படிப்பு. உண்மைக் காரணம், 1939இல் வாசலுக்கு வந்துவிட்ட போர்.

இதைக் கேட்டுக் கணவர் ஏமாந்துபோனவர் போலப் புத்தகத்தை மூடி வைத்தார். அரை மணி நேரம்தான். அதற்குள் ஆமை அக்கிலிஸ் என்ன ஆனது என்ற கவலை வந்துவிட்டது.

அப்படியானால் அண்ணன் புத்தகம் நேர்மையானதா? அங்கேதான் கதை இன்னும் சிக்கலாகிறது. 'பிராஸ்பெரோஸ் செல்'லில் மனைவி வருகிறாள், ஆனால் முழுப்பெயரில் இல்லை. வெறும் 'என்' என்ற ஓர் எழுத்தாக. புனிதர் அர்சீனியஸ் சன்னதிக்குக் கீழே தெளிந்த நீரில் செர்ரிப் பழங்களைப் போட்டுவிட்டு, மூழ்கி வாயால் கவ்விக்கொண்டு வருகிறாள். படகில் போகிறாள், படம் வரைகிறாள், வாய் திறந்து பேசுவது மட்டும் குறைவு. படிக்கிறவர்களுக்கு அது காதல் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது போலவே இருக்கும். உண்மையில் அது எழுதப்பட்டது கலாமியில் அல்ல, போர்க்கால எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில். 1941இல் ஜெர்மானியப் படை கிரேக்கத்துக்குள் நுழைய, கணவனும் மனைவியும் கைக்குழந்தை பெனலபியோடு கிரீட் வழியாக எகிப்துக்குத் தப்பினார்கள். மறு ஆண்டே நான்சி கணவனை விட்டுப் பிரிந்து, மகளைத் தூக்கிக்கொண்டு ஜெருசலேம் போய்விட்டார். விட்டுப் போன மனைவியைத்தான் லாரன்ஸ் அந்தத் தண்ணீருக்குள் திரும்பத் திரும்ப மூழ்கவைத்திருக்கிறார்.

நான்சி வெறுமனே நீச்சல் அடித்துக்கொண்டிருந்தவரும் அல்ல. அவருக்கு வந்த பரம்பரைப் பணத்தில்தான் இருவரும் தீவில் கவலையில்லாமல் காலம் தள்ள முடிந்தது. லாரன்ஸுக்கு எழுத்தாளர் என்ற பெயரைத் தந்த 'தி பிளாக் புக்' 1938இல் பாரிஸில் அச்சானதும் அவர் பணத்தில். அதே நூல்வரிசையில் வெளியான, லாரன்ஸின் எழுத்தாள நண்பர்கள் ஹென்றி மில்லர், அனாயிஸ் நின் ஆகியோரின் புத்தகங்களுக்கும் அதே கைதான். இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல மூன்றாவது புத்தகம் ஒன்று வரவேண்டியிருந்தது. நான்சியின் இரண்டாம் மணத்தில் பிறந்த மகள் ஜோனா ஹாட்ஜ்கின், தாய் விட்டுச்சென்ற நினைவுகளை வைத்து 2012இல் 'அமெச்சூர்ஸ் இன் ஈடன்' எழுதினார். கோவைப் பேராசிரியைக்கு அது கோர்ஃபு போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவந்தது. போனில் மின்னூலாக வாங்கி, அன்றிரவே பாதி முடித்துவிட்டார்.

தம்பதியாகப் போகிறவர்கள் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படிப்பதைவிட, ஒரே விஷயத்தைப் பற்றிய வெவ்வேறு புத்தகங்களைப் படிப்பதில் வேடிக்கை அதிகம். ஒரே புத்தகம் என்றால் முன்னால் படித்தவர் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இங்கே இருவர் கையிலும் ஆளுக்கொரு சாட்சி. கலாமியின் கரையில் அதற்குப் பிறகு வழக்கு விசாரணைதான். 'உங்க ஆளு என்ன சொல்றான்?' என்று தொடங்கும். டாக்ஸிக்காரர் ஸ்பிரோ இரண்டு புத்தகத்திலும் வருகிறாரா? வருகிறார். அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர் என்பது சரிதானா? சரிதான். தியோடர்? இரண்டிலும் அப்பழுக்கில்லாதவர். கேலிக்கு ஆளாகாத ஒரே மனிதர் அந்த பம்பாய் டாக்டர்தான் போலிருக்கிறது.

வெள்ளை வீட்டின் கீழ்த்தளம் இப்போது உணவகம். மாடியை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இரவு மேசைகளைத் தண்ணீர் ஓரத்தில் போடுகிறார்கள். விளக்கு வெளிச்சத்துக்குச் சின்ன மீன்கள் கூட்டமாக வந்து நிற்கின்றன. கிரேக்கச் சாப்பாடு உப்புச் சப்பில்லாமல் இருக்கும் என்று மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தோடு போகும் தமிழர்களுக்கு கோர்ஃபு ஓர் இன்ப அதிர்ச்சி. பூர்தெத்தோ என்று ஒரு மீன் குழம்பு. முள்மீனைச் சிவப்பு மிளகாய்த் தூளில் கொதிக்கவைத்தது. கண்ணில் நீர் வரும் அளவு காரம் இல்லை, ஆனால் நாக்குக்கு ஏதோ ஊர் ஞாபகம். சைவர்களுக்கு சிகரெல்லி: காட்டுக்கீரைகளைப் பூண்டும் மிளகாய்த் தூளும் போட்டு எண்ணெயில் வதக்கியது. கணவர் மூன்று தட்டு வாங்கினார். ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, சூடாகச் சோறு மட்டும் இருந்திருந்தால் என்று ஏங்கினார்.

படகு வாடகைக்கு எடுப்பது எளிது. முப்பது குதிரைத் திறனுக்கு உட்பட்ட மோட்டார் என்றால் லைசென்ஸ் கேட்பதில்லை. கயிறு கட்டுவதையும் நங்கூரம் போடுவதையும் கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இயந்திரம் என்றதும் உதிரிபாகக் கடைக்காரருக்குக் கை பரபரத்தது. வடக்கே கூலூரா, பத்துப் பதினைந்து படகு மட்டும் ஒதுங்கக்கூடிய கைக்குட்டைத் துறைமுகம். தெற்கே அக்னி குடா. பெயரைக் கேட்டுத் தமிழர்கள் எதிர்பார்க்கும் சூடு அங்கே கிடையாது. தண்ணீர் சில்லென்று இருக்கும்.

படகிலிருந்து பார்த்தால் அல்பேனியா கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நீரிணை ஒடுங்கும் இடத்தில் சில கிலோமீட்டர்தான். சாராண்டாவுக்குப் படகுச் சேவை உண்டு. ஐரோப்பியர்கள் காலையில் போய் மாலையில் திரும்புகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கிளம்புமுன் விசாவைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஒருமுறை நுழைவு மட்டும் தரும் ஷெங்கன் விசாவில் கிரேக்கத்தை விட்டு வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியாது. பெட்டியும் துணியும் கலாமியில், ஆள் அல்பேனியாவில். பலமுறை நுழைவு விசா என்றால் பிரச்சினை இல்லை. கோவைத் தம்பதியுடையது முதல் வகை. ஆகவே அவர்கள் அல்பேனியாவைத் தண்ணீரிலிருந்தே பார்த்துக்கொண்டார்கள்.

அந்த அமைதியான நீர் 1946 அக்டோபர் 22 அன்று வேறு மாதிரி இருந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சாமரேஸும் வோலேஜும் இந்த நீரிணையில் கண்ணிவெடியில் சிக்கின. 44 பேர் மாண்டார்கள். பிரிட்டனுக்கும் அல்பேனியாவுக்கும் இடையே அதன் பேரில் எழுந்த தகராறுதான் ஹேகிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் முன் வந்த முதல் வழக்கு. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் கோர்ஃபு கால்வாய் வழக்குக்குக் காரணமான சம்பவம், குடை பிடித்துப் படுத்திருக்கும் இந்த இடத்துக்கு எதிரே நடந்தது. அதைப் பற்றிய புத்தகத்தைக் கடற்கரையில் யாரும் வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

கிளம்புமுன் ஒரு பகல் நகரத்தில். தீவின் காவலர் புனிதர் ஸ்பிரிடியனின் பதப்படுத்திய உடல் வெள்ளிப் பேழைக்குள் இருக்கும் தேவாலயத்துக்குக் கூட்டம் ஓயாது. ஆண்டுக்கு நான்கு முறை அவரைத் தெருவில் ஊர்வலமாக எடுத்துவருகிறார்கள். இரவில் அவர் தீவைச் சுற்றி நடப்பதால் செருப்பு தேய்ந்துபோகிறது என்று நம்பி, அவ்வப்போது புதுச் செருப்பு மாட்டுகிறார்கள். ஊரில் பாதி ஆண்களுக்கு ஸ்பிரோ என்று பெயர் இருப்பது அதனால்தான். கோட்டையை ஒட்டியுள்ள தோட்டத்துக்கு டரல்களின் பெயரையே வைத்து, அண்ணன் தம்பி இருவருக்கும் சிலை எடுத்திருக்கிறார்கள். மனைவி அந்தத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "ரெண்டு ஆம்பளைங்களுக்கு மட்டும்தானுங்க" என்றார். புத்தகக் கடையில் கணவர், ஜெரால்டு 1969இல் எழுதிய 'பேர்ட்ஸ், பீஸ்ட்ஸ் அண்ட் ரிலேட்டிவ்ஸ்' ஒன்றைத் தானாகவே தேடி வாங்கினார். பொய் சொல்கிறான் என்று தெரிந்தும்கூடத்தான். மனைவி வாங்கியது ஹென்றி மில்லர் 1941இல் வெளியிட்ட 'தி கொலாசஸ் ஆஃப் மரூசி'.

திரும்பும்போது ஏதென்ஸுக்கு விமானம் வேண்டாம், பேருந்தில் போகலாம் என்று ஏற்பாடு. பேருந்தே ஃபெரியின் வயிற்றுக்குள் ஏறிக்கொள்கிறது. பயணிகள் இறங்கி மேல்தளத்துக்குப் போய்விட வேண்டும். இகூமெனிட்சா துறைமுகம் வரச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். மேல்தளத்தில் காற்று பலமாக அடித்தது. பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டுதான் படிக்க முடிந்தது. மில்லரை கோர்ஃபுவுக்கு வரச்சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டவர் லாரன்ஸ். 1939 கோடையில் மில்லர் வந்து அதே வெள்ளை வீட்டில் தங்கினார். அந்தப் பகுதி புத்தகத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. மனைவி சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏனுங்க, இங்க பாருங்க. மில்லர் பேரைச் சொல்லியே எழுதியிருக்காரு. நான்சின்னு. ரெண்டு பேரும் எந்நேரமும் கடல்லயே கிடந்தாங்களாமா."

"வந்த விருந்தாளிக்குத் தெரிஞ்சது கூடப்பொறந்தவனுக்குத் தெரியலையா?" என்றார் கணவர். தன் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, கையை நீட்டினார். "எந்தப் பக்கம்? குடு இங்க."

"நான் முடிச்சுட்டுத் தர்றனுங்க."

இகூமெனிட்சா வரும்வரை அவர் தரவில்லை.